ஏழு புள்ளி நாலு

யாஸ்மின்: இன்னும் கொஞ்சம் தொறங்க மேரிக்கா. ஆ... அட, பல்லு பாக்கும்போது பேசாதீங்கன்னு சொல்றேன்ல.

முத்து: கல்யாணம் ஆன நாள்லேருந்து நானும் அதத்தான் சொல்றேன் டாக்டரு.

மேரி: ஏங்க, நீங்க வெளிய பெஞ்சுல போயி ஒக்காருங்களேன்.

யாஸ்மின்: அண்ணே இருக்கட்டும். புது பல்லு செட்டு எப்படிண்ணே, கடிக்க நல்லா இருக்குதா? இதையும் பெண்ணாடம் பஸ்ஸுல தொலைச்சிட்டு வந்து நிக்காதீங்க.

முத்து: ஹி... இல்ல டாக்டரு. பத்திரமா வாயிலதான் இருக்குது.

மேரி: அவரு பல்ல வுடுங்க. என் பல்லு என்னாச்சு?

யாஸ்மின்: பாத்து முடிச்சிட்டேன், கொப்புளிச்சிட்டு வாங்க. இனிமே இந்த அச்சு ரெண்டும்தான் பேசணும். இது போன வருஷம் உங்க வாயில எடுத்தது. இது இன்னிக்குக் காலையில எடுத்து ஊத்துனது.

மேரி: பாருங்களேன், எங்க பீங்கான் எஸ்டேட்டுல பொம்மை அச்சுக்கு ஊத்துற அதே பிளாஸ்டரு. என்னையே பொம்மையாக்கிட்டாங்க.

முத்து: பேசாத பொம்மையா ஆக்கியிருந்தா புண்ணியமா போயிருக்கும்.

மேரி: வூட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்.

முத்து: போன வருஷம் ஏதோ மார்க்கு ஏறக்கூடாதுன்னீங்களே, அது என்ன டாக்டரு? இன்னொரு தடவை சொல்லிடுங்க. அப்புறம் இவ மறந்துட்டேம்பா.

யாஸ்மின்: வாய ஆறு பாகமா பிரிப்போம்ணே. எவ்ளோ தேஞ்சிருக்குதுன்னு ஒவ்வொண்ணுக்கும் சைபர்லேருந்து மூணு வரைக்கும் மார்க்கு. மொத்தம் பதினெட்டு. போன வருஷம் அக்காவுக்குப் பதிமூணு.

மேரி: பதினெட்டுக்குப் பதிமூணா! ஸ்கூல்ல கூட நான் இப்படி வாங்குனதில்ல.

யாஸ்மின்: இது வாங்கக்கூடாத மார்க்குக்கா! அதோட மேல் முன்பல்லு பத்து மில்லிமீட்டராச்சும் இருக்கணும். உங்களுக்கு ஏழு புள்ளி நாலு. மண்ண வச்சு நறநறன்னு கடிச்சே கால்வாசிப் பல்லு போயிடுச்சு.

மேரி: கடிச்சாத்தானே தெரியும் டாக்டரம்மா? மில்லுலேருந்து அரைச்சி வர்ற மண்ணுல ஒரு நறநறப்பு இருந்தாலும் பொம்மை சூளையில வெடிச்சிப்புடும். மேரி சரின்னு சொன்னாத்தான் திருமால் மொதலாளி அச்சுல ஊத்தவே வுடுவாரு.

யாஸ்மின்: அதுக்குத்தான் போன வருஷம் சத்தியம் வாங்குனேன். ஒரு வருஷம் மண்ணு வாயில படக்கூடாது, கடிக்காம நான் குடுத்த கண்ணாடித் துண்டுலதான் தேச்சுப் பாக்கணும்னு. இன்னிக்கு அளந்து, பல்லு இன்னும் தேஞ்சிருந்தா மில்லு வேலைய வுட்டுட்டு பொம்மைக்குப் பெயிண்டு அடிக்கப் போகணும். ஞாபகம் இருக்குதா?

மேரி: மாதா மேல சத்தியம் பண்ணவளுக்கு ஞாபகம் இருக்காதா? பெயிண்டு... அந்த மில்லுகிட்ட முப்பது வருஷம் நின்னுட்டேன் டாக்டரம்மா. அது இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது. சீக்கிரம் அளங்க.

யாஸ்மின்: பழைய அச்சு... ஏழு புள்ளி நாலு, சரி. புது அச்சு... இருங்க...

முத்து: என்ன டாக்டரு?

யாஸ்மின்: ஆறு புள்ளி எட்டு.

மேரி: இல்ல.

யாஸ்மின்: மூணு தடவை வச்சுப் பாத்துட்டேன்க்கா. வயசுக்குத் தேயறது ஒரு வருஷத்துல இந்தக் கருவிக்கே தெரியாது. இது அரை மில்லிமீட்டருக்கும் மேல. மறுபடி கடிச்சிருக்கீங்க.

மேரி: சத்தியமா இல்ல! ஒரு சிட்டிகை மண்ணு இந்த வாயில படல!

முத்து: படல டாக்டரு. எனக்குத் தெரியும்.

யாஸ்மின்: நீங்க வேறண்ணே. அளவு பொய் சொல்லுமா?

மேரி: அந்த அச்ச இப்படிக் குடுங்க.

யாஸ்மின்: அக்கா, கீழ போட்டுடாதீங்க...

மேரி: முப்பது வருஷமா அச்சு புடிச்ச கை இது. சன்னல் பக்கம் வாங்க. இந்தப் பல்லு முனையத் தடவிப் பாருங்க. எப்படி இருக்குது?

யாஸ்மின்: வழவழன்னு... உள்பக்கமா குழிஞ்சி...

மேரி: உருண்டையா குழிஞ்சிருக்குதா? கடிச்சித் தேஞ்சா தட்டையால்ல இருக்கும்! இது காத்துக் குமிழி டாக்டரம்மா! ஊத்தும்போது தட்டுனீங்களா?

யாஸ்மின்: அதிர வைக்கிற மிஷினு இருக்குதுக்கா. காலையில கரண்டு இல்ல... கையாலயாச்சும் தட்டியிருக்கணும்... கூட்டம் வேற...

மேரி: அப்படிச் சொல்லுங்க! தட்டலன்னா முனையில காத்து மாட்டிக்கும். பிளாஸ்டரு அடி வரைக்கும் எறங்காது. இத எங்க எஸ்டேட்டுல கொண்டாந்து வச்சா திருமால் மொதலாளி தூக்கி எறிஞ்சிருப்பாரு.

முத்து: எம் பொண்டாட்டியா கொக்கா!

யாஸ்மின்: ஒக்காருங்க, ஒக்காருங்க. அச்சே வேணாம், நேரா பல்லுலயே அளக்கறேன். ஆ... அசையாதீங்க...

முத்து: சேசுவே...

யாஸ்மின்: ஏழு... புள்ளி... நாலு!

மேரி: ஆஆ!

யாஸ்மின்: இருங்க, இன்னொரு தடவை... நாலேதான். மறுபடியும் நாலு! மார்க்கும் அதே பதிமூணு. மாஷா அல்லாஹ்! மயிரிழை கூட தேயலக்கா! உங்களப் போயி சந்தேகப்பட்டேனே, மன்னிச்சிடுங்க.

மேரி: மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். பெயிண்டு டப்பாவ வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லுங்க. மில்லு என்னுது! இந்த வருஷம் எங்க சூளையில மண்ணு சரியில்லாம ஒரு பொம்மை வெடிச்சிருக்குதா? கேளுங்க இவர!

முத்து: ஒண்ணு கூட இல்ல டாக்டரு! ஊரே சொல்லுது!

யாஸ்மின்: விருத்தாசலத்துல இருக்கற அத்தனை எஸ்டேட்டு ஆளுங்களுக்கும் நான் சொல்லப்போறேன். நான் குடுத்த ரெண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவுல மண்ண வச்சுத் தேச்சதுக்கே இவ்ளோ பலனா!

மேரி: ம்...

முத்து: ம்...

யாஸ்மின்: என்ன, ரெண்டு பேரும் சொல்லி வச்ச மாதிரி?

மேரி: கண்ணாடி நல்லாத்தான் இருந்துது... ஆனா நல்ல மண்ணுக்கும் கெட்ட மண்ணுக்கும் ஒரே சத்தம் போடுது டாக்டரம்மா. பல்லுக்குத் தெரியறது அதுக்குத் தெரியல.

யாஸ்மின்: அப்ப யாரு கடிச்சது? அண்ணே... நீங்க வாயத் தொறங்க.

முத்து: ஐயோ, நானில்ல! பாருங்க, நல்லாப் பாருங்க.

யாஸ்மின்: ஆமா, செட்டு புதுசு போலத்தான் இருக்குது... பழசத்தான் பஸ்ஸுல... அண்ணே, அது எப்ப தொலைஞ்சிது? நான் கண்ணாடி குடுத்த மறு வாரம்ல? கருவேப்பிலங்குறிச்சிக் கல்யாணத்துல பிரியாணிய வுட்டுட்டு வெறும் பாயசம் குடிச்சிட்டு வந்தீங்களே?

முத்து: பஸ்ஸுல ஒண்ணும் தொலையல டாக்டரு. இவ கண்ணாடிய வச்சிக்கிட்டு அழுதா. எனக்குத் தாங்கல. பல்லுதானேடி வேணும்னு கழட்டிக் குடுத்துட்டேன்.

யாஸ்மின்: யா அல்லாஹ்! இப்ப எங்க அது?

மேரி: கைப்பையிலதான், மதியம் புது லோடு வருதுல்ல. மேல் செட்டு ஒரு கை, கீழ் செட்டு ஒரு கை. நடுவுல மண்ண வச்சு காதாண்ட தேச்சா ஒரு மணலு இருந்தாலும் சொல்லிப்புடும். இந்தாங்க, அளந்துதான் பாருங்களேன்... பதிமூணெல்லாம் இல்ல டாக்டரம்மா, முழுசா பதினெட்டு வாங்கியிருக்குது எங்க வூட்டுக்காரரு பல்லு!