பாதியில் நின்ற சவரம்

என் பெயர் கோபால். தகப்பனார் காலஞ்சென்ற முனுசாமி. வயது நாற்பத்திரண்டு. மீஞ்சூர் கடைத்தெருவில் சவரக் கடை வைத்திருக்கிறேன்; கடைக்குப் பின்னாலேயே குடியிருப்பு. இன்று 18-8-1957 ஞாயிற்றுக்கிழமை, சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் விசாரித்ததில், யாருடைய மிரட்டலுக்கும் ஆசை வார்த்தைக்கும் உட்படாமல் நான் சொல்வதாவது:

இந்தக் கேசில் எதிரியான கலியனை எனக்குத் தெரியும். பக்கத்துச் சேரியில் குடியிருக்கிறார், ரயில்வே கேங்கில் வேலை செய்கிறார். சேரிக்காரர்களுக்கு என் கடையில் சவரம் கிடையாது. அறுவடையில் எனக்கு நெல் அளக்கிற நிலக்காரர்கள் வைத்த கட்டுப்பாடு அது. நானும் கேட்டு நடந்தேன். சித்திரை மாதம் முதல் கலியனும் அவர் கூட்டாளிகளும் ஞாயிறுதோறும் வந்து என் கடை வாசலில் மற்றவர்களோடு முறைக்குக் காத்திருப்பார்கள். முறை வந்ததும் கலியன் எழுந்து, "அண்ணா, எங்க மொறை வந்துச்சு, செய்றீங்களா?" என்பார். நான் முடியாது என்பேன். அதன்பேரில் அவர் அடுத்த ஆளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்வார். கடை சாத்தும்வரை இப்படியே நடக்கும். ஒரு நாளும் வழியை மறித்ததில்லை, கெட்ட வார்த்தை பேசியதில்லை. அவர் திட்டித் தொலைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இன்று காலையும் கேட்டார், நானும் முடியாது என்றேன். அடுத்த முறை பழவேற்காட்டுக் கருவாட்டு வியாபாரி ஹபிபுல்லா சாயபுவுடையது. அவர் எழுந்திருக்கவில்லை. "கோபாலு, இத்தினி மாசமா இந்தாளு மொறையில நான் பூந்துக்கினு இருக்கேன், பேஜாரா கீது. அவருக்கு முடிச்சிட்டுக் கூப்புடு, நான் குந்திக்கினு இருக்கேன்" என்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் அசையவில்லை. நாற்காலி காலியாகக் கிடந்தது. அதன் பிறகு நானே கலியனைக் கூப்பிட்டு அதில் உட்காரவைத்து, சோப்புப் போட்டு, இடது கன்னத்தை வழித்து முடித்தேன்.

அப்போது வாதியான நிலக்காரர் பூவராகவன் வாசலில் வந்து நின்று, "இன்னாடா இது? நாளைக்கி இதே கத்தியத்தான் எம் மூஞ்சில வெப்பியா?" என்று சத்தம் போட்டார். எனக்குக் கை உதறிக் கத்தி கீழே விழுந்துவிட்டது. கலியன் எழுந்து அதை எடுத்து, துணியில் துடைத்து, பிடியை என் பக்கமாக நீட்டிக் கொடுத்தார். அதன் பிறகு மறுபடி நாற்காலியில் சாய்ந்து கழுத்தைக் காட்டிக்கொண்டு, "பயப்படாம செய்ணா" என்றார். அவர் கத்தியைத் தொட்டது இவ்வளவுதான். கத்தியை ஓங்கினார், வெட்ட வந்தார் என்று வாதி புகார் கொடுத்திருப்பது பொய். சற்று நேரத்தில் வாதி போலீசாரைக் கூட்டிவந்தார். கலியனையும் கத்தியையும் கொண்டுபோனார்கள்.

நான் ஸ்டேஷனுக்கு வரும் வழியில் வாதி என்னை நிறுத்தி, "நான் சொன்ன மாரியே சொல்லு, இல்லாங்காட்டி எங் களத்துப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே" என்றார். அப்படி நான் சொல்லப்போவதில்லை. அவர் வீட்டில் மாட்டுக் கொட்டகை ஓரம்தான் நான் அவருக்குச் சவரம் செய்வது. நான் எழுந்து போனதும் உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். தொழில் என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். உதறுகிற என் கையை நம்பி இன்று ஒரு மனிதர் கழுத்தைக் கொடுத்தார். வழக்கு என்று வந்தால் அவருடைய ரயில்வே வேலை போய்விடும். அவருக்கும் சாயபுவுக்கும் நான் மிகவும் நன்றி உள்ளவன். இது கேசுக்கு வேண்டாம் என்று ஏட்டையா சொன்னார். வேண்டும், எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டதன்பேரில் எழுதப்பட்டது.

கலியன் இப்போது லாக்கப்பில், வலது கன்னத்தில் சோப்பு காய்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். கத்தி தங்கள் மேஜைமேல் இருக்கிறது. அவரை விட்டு, கத்தியையும் என்னிடம் கொடுக்க வேண்டுகிறேன். சாயபு ஸ்டேஷன் வாசலில் இன்னும் தம் முறைக்காகக் காத்திருக்கிறார்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதும் நடந்ததும் இதுவே. கூட்டியதும் இல்லை, விட்டதும் இல்லை.

(ஒப்பம்) கோபால்