என்ஜின் போடாத வேன்

கணேஸ்வரன்: …கோல சிலாங்கூர்ல படிப்புன்னு ஒண்ணு நடக்குதுன்னா, அதுக்குக் காரணம் ரெண்டே பேருதான் மிஸ். ஒண்ணு கல்வி அமைச்சு. இன்னொண்ணு என் வேன்.

ஜஸ்மின்: அமைச்சை முதல்ல சொல்லிட்டீங்களே அண்ணே.

கணேஸ்வரன்: ஒரு மரியாதைக்குத்தான். வெள்ளம் வந்தப்போ அமைச்சு லீவு விட்டுச்சு. நான் விடல. தஞ்சோங் காராங் வரைக்கும் போயி, பிள்ளைங்கள ஏத்தி, ஸ்கூல் வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினேன்.

ஜஸ்மின்: ஸ்கூல் மூடியிருக்குமே?

கணேஸ்வரன்: மூடிதான் இருந்துச்சு. செக்யூரிட்டி கார்டுகூட இல்ல. திருப்பிக் கூட்டிட்டு வந்தேன். ஆனா போனோமா இல்லையா? என் வேன்ல ஏறின பிள்ளை ஸ்கூலுக்குப் போகலன்னு சரித்திரமே கிடையாது.

ஜஸ்மின்: உங்க பையன் ஜீவன்?

கணேஸ்வரன்: …அவன்தான் ஏறலயே. ஏறினாத்தானே கணக்கு.

ஜஸ்மின்: இப்ப ஏறியிருக்கான். அதோ, யூனிபார்ம் போட்டுட்டு உட்கார்ந்திருக்கான்.

கணேஸ்வரன்: வீட்டு வாசல்ல நிக்கிற வேன்ல மிஸ்! சனிக்கிழமையில! என்ஜின் போடாத வேன்ல! அதுக்குப் பேரு ஏறுறதா? எங்க பெரியப்பா மகன் பார்த்துட்டுக் கேக்குறான், வேன் ரிப்பேரா, பையன் ரிப்பேரான்னு.

ஜஸ்மின்: நீங்க என்ன சொன்னீங்க?

கணேஸ்வரன்: ரெண்டும் சர்வீஸ்ல இருக்குன்னேன். வேற என்ன சொல்றது? உங்க வைத்தியத்துல மாத்திரை இல்ல, ஊசி இல்ல. சும்மா உட்காருன்னு சொல்றீங்க. இதுக்குத்தான் புஞ்சாக் ஆலாம் யுனிவர்சிட்டியில போய்ப் படிச்சீங்களா?

ஜஸ்மின்: ஆமாண்ணே. உட்கார வைக்கிறதுக்கு ஒரு டிகிரி. எழுப்பி விடாம இருக்கிறதுக்கு இன்னொரு டிகிரி.

கணேஸ்வரன்: சிரிக்காதீங்க மிஸ். இப்படியே போனா ஸ்கூல்ல பேரை எடுத்துருவாங்க. எஸ்பிஎம் பரீட்சை எழுதாம அவன் என்ன ஆவான்? யாரு அவனை அடிச்சான்னு பேரை மட்டும் சொல்லச் சொல்லுங்க. நான் பார்த்துக்கிறேன்.

ஜஸ்மின்: யாரும் அடிக்கல. அதான் அவனுக்கே கஷ்டம். காட்டுறதுக்கு ஒரு காயம்கூட இல்லாம பயப்படுறது.

கணேஸ்வரன்: …காயம் இருந்தா மருந்து போட்டுரலாம்.

ஜஸ்மின்: சரி, நாம என்ன பேசியிருந்தோம்? அவன் தினமும் கொஞ்ச நேரம் வேன்ல உட்காரணும். வேன் நகரக் கூடாது. அதானே?

கணேஸ்வரன்: அதான்.

ஜஸ்மின்: நகர்ந்துச்சா?

கணேஸ்வரன்: …கொஞ்சம்.

ஜஸ்மின்: கொஞ்சம்னா?

கணேஸ்வரன்: ஸ்கூல் வரைக்கும்.

ஜஸ்மின்: அண்ணே…

கணேஸ்வரன்: என் நெலமையையும் யோசிங்க மிஸ்! மாசக்கணக்கா வேன் பக்கமே எட்டிப் பார்க்காத பையன். காலங்காத்தால தானா வந்து, பெல்ட்டையும் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். சாவி என் கையில. இதுக்கு மேல ஒரு டிரைவர் என்ன பண்ணுவான்? கதவைப் பூட்டினேன், கியரைப் போட்டேன், விட்டேன் ஒரே விடு.

ஜஸ்மின்: ஸ்கூல் கேட்டுல?

கணேஸ்வரன்: இறங்கல. பின்னாடி கார், பஸ், மோட்டார், எல்லாம் ஹார்ன் அடிக்குது. கார்டு வந்து கண்ணாடியத் தட்டுறாரு. இவன் சீட்டை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குறான் மிஸ். செகிஞ்சான்ல படகுலேர்ந்து கொட்டுற மீனைப் பார்த்திருக்கீங்களா? வாயைத் தெறந்து தெறந்து… அப்படி.

ஜஸ்மின்: உங்களுக்கு எப்படி இருந்துச்சு?

கணேஸ்வரன்: எனக்கு என்ன… நான் டிரைவர். விமலா! மிஸ்ஸுக்கு டீ என்னாச்சு?

ஜஸ்மின்: டீ வரும். அதுக்கப்புறம் அவன் உங்ககிட்ட பேசவே இல்லன்னு அக்கா சொன்னாங்க.

கணேஸ்வரன்: பேசல. ரூமை விட்டும் வரல. நான் கதவு கிட்ட போனா, உள்ள ஃபேன் சத்தம்கூட நின்னுரும்.

ஜஸ்மின்: அப்புறம் இன்னைக்கு யாரு கூப்பிட்டது?

கணேஸ்வரன்: யாரும் கூப்பிடல. அவனா வந்தான், அவனா ஏறினான். நான் உடனே சாவியத் தூக்கி விமலாகிட்ட குடுத்துட்டேன். என் மேல எனக்கே நம்பிக்கை இல்ல.

ஜஸ்மின்: அதே வேன், அதே சீட்டு. உங்கள ஒரு தடவ ஏமாத்திக் கூட்டிட்டுப் போன ஆளோட வண்டியில நீங்க மறுபடி ஏறுவீங்களாண்ணே?

கணேஸ்வரன்: சும்மா ஏத்திட்டுப் போறேன்னாலும் ஏற மாட்டேன்.

ஜஸ்மின்: அவன் ஏறியிருக்கான்.

கணேஸ்வரன்: …ஆமா லா.

ஜஸ்மின்: எனக்கு இந்த வேலையில பிடிச்சதே இதுதான். இவ்ளோ தைரியமான பிள்ளைங்கள வேற எங்கயும் பார்க்க முடியாது.

கணேஸ்வரன்: வீட்டை விட்டே வெளிய வராதவன்கூட தைரியசாலியா மிஸ்?

ஜஸ்மின்: பயம் இல்லாதவங்களுக்கு எதுக்குண்ணே தைரியம்?

கணேஸ்வரன்: …நீங்க ரெண்டு டிகிரியும் ஒழுங்காத்தான் படிச்சிருக்கீங்க.

ஜஸ்மின்: நன்றி. இன்னைக்கு அடுத்த படி. ஸ்கூல் மூடியிருக்குல்ல? கேட்டு தெரியுற இடம் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வரலாம்னு ஜீவனே சொல்லியிருக்கான். இறங்க வேண்டாம். நீங்க ஓட்டினாப் போதும்.

கணேஸ்வரன்: நானா? …சுல்கிஃப்லி ஓட்டட்டுமே மிஸ். எனக்கு மாத்து டிரைவர். ரொம்பப் பொறுமையான பையன். பிரேக் போட்டாகூடத் தெரியாது.

ஜஸ்மின்: ஜீவன் உங்க பேரைத்தான் சொன்னான்.

கணேஸ்வரன்: என் பேரையா? …அன்னைக்கு அப்படிப் பண்ணதுக்கு அப்புறமுமா?

ஜஸ்மின்: அப்பா ஓட்டினா வரேன்னான். உங்களுக்கு என்ன, தினம் போற வழிதானே.

கணேஸ்வரன்: தினம்! கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன். ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் அந்த வாசல்ல குதிச்சுக் குதிச்சு இறங்கும். ஒண்ணொண்ணுக்கும் டாட்டா காட்டிட்டுத்தான் வண்டியத் திருப்புவேன்.

ஜஸ்மின்: முன் கேட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்கல்ல, கால்வாய் வேலைக்கு. திடல் பக்கமா போங்க.

கணேஸ்வரன்: எப்பத் தோண்டுனாங்க?

ஜஸ்மின்: …நீங்க தினம் போறீங்களே அண்ணே.

கணேஸ்வரன்: ஆ… ஆமா ஆமா, தோண்டியிருக்காங்க. காலையில ஒரே இருட்டா இருக்கும் மிஸ். யாரு கவனிக்கிறா.

ஜஸ்மின்: டிரைவர் கவனிக்க வேணாமா?

கணேஸ்வரன்: அனுபவம் மிஸ். அனுபவத்துலயே ஓடிரும்.

ஜஸ்மின்: சரி, வேன்கிட்ட வாங்க… ஜீவன், அப்பா வந்துட்டாரு. நான் உள்ள அம்மாகிட்ட பேசிக்கிட்டு இருக்கேன். எப்பக் கிளம்புறதுன்னு நீ சொன்னாப் போதும்.

ஜீவன்: ஓகே மிஸ்.

கணேஸ்வரன்: மிஸ், நீங்க கூட வரலயா? மிஸ்?

ஜீவன்: போயிட்டாங்கப்பா. ஏறுங்க. முன்னாடி இல்ல… இங்க, என் பக்கத்துல.

கணேஸ்வரன்: சாவிய வாங்கிட்டு வந்திரவா?

ஜீவன்: அப்புறம்.

கணேஸ்வரன்: அய்யோ… முட்டி இடிக்குதேடா. சீட்டு இவ்ளோ நெருக்கமாவா இருக்கு?

ஜீவன்: இன்னும் ரெண்டு பிள்ளைங்கள ஏத்தலாம்னு நீங்கதான் தள்ளிப் போட்டீங்க.

கணேஸ்வரன்: …சரி. இப்ப என்ன பண்ணணும்?

ஜீவன்: ஒண்ணும் பண்ண வேணாம். எவ்ளோ பயம்னு மட்டும் சொல்லணும். பத்துன்னா ரொம்ப பயம். எனக்கு இப்ப அஞ்சு.

கணேஸ்வரன்: அன்னைக்கு?

ஜீவன்: அன்னைக்கு நம்பரே பத்தல.

கணேஸ்வரன்: …பூட்டியிருக்கக் கூடாதுடா நான். கதவை.

ஜீவன்: ம்.

கணேஸ்வரன்: இனிமே பூட்ட மாட்டேன்.

ஜீவன்: தெரியும். தெரிஞ்சுதான் ஏறினேன். உங்களுக்கு எவ்ளோ?

கணேஸ்வரன்: எனக்கா? டிரைவருக்கு ஏதுடா நம்பரு. சீரோ.

ஜீவன்: காலை ஆட்டாதீங்கப்பா. வேனே ஆடுது.

கணேஸ்வரன்: …கொசு.

ஜீவன்: அப்பா… என் ரூம் ஜன்னல்லேர்ந்து பார்த்தா முக்குக் கடை வரைக்கும் தெரியும்.

கணேஸ்வரன்: …தெரிஞ்சா என்ன?

ஜீவன்: தினம் காலையில வேன் அங்க நிக்கும்.

கணேஸ்வரன்: …அம்மாகிட்ட சொன்னியா?

ஜீவன்: இல்ல.

கணேஸ்வரன்: மிஸ்ஸுகிட்ட?

ஜீவன்: யாருகிட்டயும் சொல்லல. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஆனா நம்பர் மட்டும் உண்மையச் சொல்லணும்பா. நான் சிரிக்க மாட்டேன்.

கணேஸ்வரன்: …ஒம்போதுடா. அன்னைக்கு உன்னைத் திருப்பிக் கூட்டிட்டு வந்ததோட சரி, நான் அந்த கேட்டுப் பக்கமே போகல. முக்குக் கடையில இறங்கிருவேன், சுல்கிஃப்லி ஓட்டிட்டுப் போறான். அந்த ஹார்ன் சத்தத்தை நெனைச்சாலே வண்டிய நிறுத்திடுறேன்… கொஞ்ச நேரம் இப்படியே உட்கார்ந்திருப்போமா? என்ஜின் போட வேணாம்.