உச்சிவேளைப் புள்ளி

முந்திரித் தோப்பில் அணில் பிடிப்பது சுலபம், இன்ஸ்பெக்டர். ஒரு துண்டுப் பழம் போதும். ஆண்டிமடத்தில் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

மூளை நரம்பணுவின் நடுவே உட்கரு. அதற்குள், நுண்ணோக்கியில் மட்டும் தெரிகிற ஒரு புள்ளி. உச்சிவேளையில் கொன்ற அணிலிடம் அது உப்பியிருந்தது. இருட்டிய பிறகு கொன்றதிடம் சுருங்கியிருந்தது. மனிதனுக்கும் தினம் இப்படித்தான் நடக்கிறதா? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாற்பத்து மூன்றாம் வருஷம் அரியலூர்ப் பக்கம் காலரா வந்தது. நோயாளிகளைக் கிடத்திய கொட்டகைக்கு நான்தான் டாக்டர். காலராவில் போனவர்களை வீட்டார் தொடமாட்டார்கள். முகம்கூடப் பார்க்காமல் புதைத்துவிடுவார்கள். சுண்ணாம்பு தூவி, தலையோடு துணி சுற்றிக் கொடுப்பது என் வேலை. அதற்காகவே என்னைக் கும்பிட்டார்கள். துணிக்குள் தலை என்ன ஆனது என்று யாரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

ஆனால் நோயில் செத்தவர்களின் அணுக்கள் நைந்துபோயிருந்தன. தேறியவர் ஒருவர் வேண்டியிருந்தது.

பூங்காவனம் பிழைத்துக்கொண்டாள். அன்றே தா.பழூருக்குப் போக வேண்டியவள். அவள் புருஷன் அங்கமுத்து வண்டி கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான்.

"கஞ்சி குடிச்சுட்டாளாங்க, டாக்டரய்யா?"

"குடிச்சுட்டா. ஒரு ஊசி போட்டு அனுப்புறேன், இரு."

மார்ஃபியா, அளவுக்கு மேல். வலி தெரியாமல் போகட்டும் என்றுதான். நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. நோய் திரும்பக் கண்டுவிட்டது என்று சொல்லி, சுற்றிய உடலை உச்சிவெயிலில் அவனிடம் ஒப்படைத்தேன். அவன் என் காலில் விழுந்தான்.

"உங்களால ஆனதெல்லாம் செஞ்சுட்டீங்கய்யா."

அந்தக் குற்ற உணர்வு இன்னும் விட்டபாடில்லை. நான் குற்றவாளிதான், மறுக்கவில்லை.

அவள் மூளைத் துண்டில் சாயம் ஏற்றிப் பார்த்தேன். புள்ளி சுருங்கிக் கிடந்தது. தூக்க மருந்து அவளுடைய உச்சிவேளையை ராத்திரியாக்கிவிட்டது. என் அவசரத்தால் ஓர் உயிரை வீணடித்துவிட்டேனே என்று மாதா படத்தின் முன் முழந்தாளிட்டு அழுதேன். இனி ஒருவர் சாவும் இப்படி வீணாகக் கூடாது என்று அங்கேயே வேண்டிக்கொண்டேன்.

அதனால்தான், அடுத்த கட்டிலில் தேறிக்கொண்டிருந்த வீரமுத்துவுக்கு நான் எந்த மருந்தும் கொடுக்கவில்லை. கைகாலை மட்டும் கட்டினேன். கடைசிவரை அவர் விழித்துத்தான் இருந்தார்.