உதடு பொருந்திய காட்சி

“தாத்தா நிஜமாவே அழறாரா, நடிக்கிறாரா?” என்று படப்பிடிப்பில் என் மகள் லூர்தெஸ் ஒருமுறை கேட்டாள். நடிக்கிறார் என்றேன். பிள்ளைகளைப் பயமுறுத்தக் கூடாது.

நடிகரான என் அப்பா அர்செனியோ சல்வதியேராவின் படம் ஒருகாலத்தில் மணிலா வீடுகளில் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. எனக்கு இயக்கி நடிக்க வாய்த்தவை பேய்ப் படங்கள். மலிவானவைதான், ஆனாலும் அவற்றை வசனம் பிசகாமல் மனப்பாடம் செய்யும் ஒரு கூட்டம் உண்டு. அப்பாவுக்கு நினைவு தப்பியதும் அவரையும் நடிக்க அழைத்துவந்தேன். வீட்டில் தனியாக விட மனமில்லை. எது படம், எது நிஜம் என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் அவருடைய பயம் மிக நன்றாக இருந்தது. காட்சி முடிந்ததும் நெற்றியைத் துடைத்து, கலமன்சி எலுமிச்சைச் சாறு கொடுத்து, அவரோடு செபமாலை சொல்வேன்.

கடைசிப் படத்தில் அவர் உயிரோடு புதைக்கப்படும் பணக்காரர். புதைக்கும் மகன் நான். எங்கள் ஊர்ச் சவப்பெட்டியில் முகம் தெரியக் கண்ணாடி இருக்கும், கேமராவுக்கு வசதி. ஒலியை அங்கே பதிவுசெய்வதில்லை, பிறகு குரல் சேர்ப்போம்.

“தோதோய், திறடா. அப்பா கூப்பிடறேன்டா,” என்றார் உள்ளிருந்து. அது வீட்டில் என்னைக் கூப்பிடும் பெயர். வசனத்தில் இல்லை.

“கிழச் சிங்கம் சொந்தமா வசனம் விடுது பாரு,” என்று சிரித்தான் கேமராக்காரன் போயெட்.

ஒப்பனை செய்யும் சாரிங் அக்கா மட்டும் என் சட்டையை இழுத்தாள். “தம்பி, அவருக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் திறந்து விடேன், புண்ணியமாப் போகும்.”

“காட்சி முடியட்டும்க்கா.”

ஃபிலிம் தீர்ந்தது. வேறு சுருள் மாட்டச் சொன்னேன். தாழ்ப்பாள் என் கைக்குக் கீழேதான் இருந்தது. நான் மறக்கவில்லை, திறக்கவில்லை. கண்ணாடியின் உட்புறம் மூச்சு ஆவியாகப் படிந்திருந்தது. பிறகு மெல்லத் தெளிந்தது.

மாரடைப்பு என்றார்கள். ஊரே அழுதது.

குரல் சேர்க்கும் அறையில், “எழுதின வசனத்துக்கு உதடு பொருந்தலியே அண்ணே,” என்றான் ஒலிப்பதிவாளன். அவனைச் சாப்பிட அனுப்பிவிட்டு அப்பாவுக்கு நானே குரல் கொடுத்தேன். சிறுவயதில், அவர் எடுத்த ஒரு படத்தில் எனக்கு அழ வரவில்லை என்று அப்பா என்னை அலமாரிக்குள் பூட்டிவைத்தார். வெளியே எடுத்து, அந்த அழுகையோடு படம்பிடித்தார். என் வாய் “வேண்டாம்ப்பா” என்றது. திரையில் அது, பிறகு சேர்த்த குரலில், “நன்றிப்பா” என்று கேட்டது.

“நன்றி, மகனே” என்பது அவர் உதடுகளுக்கு அழகாகப் பொருந்தியது. அந்தக் கடன் தீர்ந்ததைப் பார்க்க அறையில் வேறு யாரும் இல்லை. சிலுவை போட்டுக்கொண்டு, அப்பாவை முழுமனதோடு மன்னித்தேன்.