குளவி அடைத்த துளை

நன்றியுரை சொல்ல எழுந்தவன் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டானே என்று நினைக்காதீர்கள்... சின்னதுதான். ஒரு படகு எஞ்சின், ஒரு அத்தான், ஒரு மைத்துனன். அவ்வளவுதான் கதை. கிறகோரியும் தொம்மையும் இந்தப் பந்தலில்தான் இருக்கிறார்கள். இருவரிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். தப்பாகச் சொன்னால் இருவரும் திருத்துங்கள்.

போன வருஷம் ஆடி மாதம் கிறகோரி காலை முறித்துக்கொண்டார். மூன்று மாதம் படகு கரையில். எஞ்சினைக் கழற்றி, மனைவியின் தம்பி தொம்மையிடம் ஒப்படைத்தார். ஐப்பசியில் கால் தேறியது. எஞ்சினை மாட்டி, படகைத் தண்ணீரில் இறக்கி, கயிற்றை இழுத்தார். கிளம்பியது. ஆனால்...

உங்களுக்குத் தெரியாததா? எஞ்சின் கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அடையாளமாகப் பின்பக்கத்துச் சிறு துளையிலிருந்து நூல் போலப் பீய்ச்சும். கிளம்புமுன் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது அதைத்தானே? அன்று அது வரவில்லை. ஒரு சொட்டு வரவில்லை.

கிறகோரி எஞ்சினை நிறுத்தினார். பிறகு எஞ்சினைப் பார்க்கவில்லை... தொம்மையைப் பார்த்தார்.

“எலே, நான் ஆஸ்பத்திரியில கெடக்கும்போது இத முடுக்கினியா?”

“தொடவே இல்ல அத்தான்.”

“அப்ப தண்ணி எங்கல? தரையில வச்சு தண்ணியில்லாம முடுக்கி ஒன் சேக்காளிகளுக்கு வேடிக்க காட்டியிருக்க. பம்பு கருகிப் போச்சு.”

“மாதா சத்தியமா தொடல!”

“சார் வரட்டும். சார் பிரிச்சுப் பாத்து ஒரு வார்த்த சொல்லட்டும். அப்புறம் என் வள்ளத்துல ஒன் கால் படாது.”

அந்த சார் யார்? நான்தான். முப்பது வருஷம் தொழிற்பயிற்சி நிலையத்தில் எஞ்சின் பாடம் நடத்தியவன். கரும்பலகையில் ஓடாத எஞ்சின் உண்டா? அங்கே எல்லாம் ஓடும்... கடற்கரையில்தான் எனக்குப் பயம். அன்று இன்னும் அதிகம். என் ஒரு வார்த்தையில் ஒரு உறவு தொங்குகிறதே!

பாடம் நடத்த நான் எழுதி வைத்திருந்த குறிப்பேட்டைத் திறந்து வரிசைப்படி போனேன். தண்ணீர் நுழையும் சல்லடை சுத்தம். பம்பைப் பிரித்தேன். உள்ளே இருக்கும் ரப்பர் காத்தாடியில் ஓர் இதழ்கூடக் கருகவில்லை. “நல்லா இருக்கு கிறகோரி” என்றேன்.

அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா?

“நல்லா இருக்கா? அப்ப பழசக் கருக்கிட்டு, எனக்குத் தெரியாமப் புதுசு வாங்கி மாட்டியிருக்கான் சார்!”

சிரிக்கிறீர்கள்... நான் சிரிக்கவில்லை. இருக்குமோ என்று எனக்கே தோன்றியது. வெட்கத்தோடு சொல்கிறேன். மறுபடி எல்லாவற்றையும் மாட்டி, வெட்டிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை அதில் நிறுத்தி முடுக்கினோம். எஞ்சினின் மேல்மூடியைத் திறந்தே வைத்திருந்தோம். துளையில் தண்ணீர் வரவில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான், “அநேகமாக...” என்று ஆரம்பித்தேன். அநேகமாக... அநேகமாக... அதற்கு மேல் சொல்லப் பயம். வாழ்நாளில் என் பயத்துக்கு நான் நன்றி சொன்ன ஒரே நாள் அது.

அதற்குள் அத்தானும் மைத்துனனும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். எஞ்சின் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்துவார் இல்லை. பத்து நிமிஷம்! கிறகோரியின் மனைவி பிலோமினா வந்தார். நேராகப் போய் எஞ்சினின் தலையில் உள்ளங்கையை வைத்தார்.

“ஏட்டி, கைய எடு! பொசுங்கிரும்!”

“எங்க பொசுங்குது? நீங்க ரெண்டு பேருந்தான் கொதிக்கிறிய. எஞ்சின் கொதிக்கல.”

நானும் தொட்டேன். இளஞ்சூடு... அவ்வளவுதான்! என் குறிப்பேட்டின் முதல் வரி என்ன தெரியுமா? ‘முதலில் தொட்டுப் பார்.’ என் கையெழுத்து. சண்டையைக் கண்ட பயத்தில் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

தண்ணீர் ஓடாமல் ஓர் எஞ்சின் பத்து நிமிஷம் இப்படி இருக்குமா? இருக்காது. அப்படியானால் உள்ளே ஓடுகிறது, அடிவழியே போய்விடுகிறது... நாம் பார்க்கும் துளையில்தான் வரவில்லை. பிலோமினாவிடம் கொண்டை ஊசி வாங்கித் துளைக்குள் விட்டேன். பொலபொலவென்று மண் உதிர்ந்தது. குளவி கட்டிய கூடு! அடுத்த நொடி தண்ணீர் பீய்ச்சி கிறகோரியின் முகத்தில் அடித்தது.

இப்போது நீங்களே சொல்லுங்கள்... ஓடுகிற எஞ்சினில் குளவி கூடு கட்டுமா? மூன்று மாதம் யாரும் தொடவில்லை என்பதற்கு அந்த மண்தானே சாட்சி?

கிறகோரி முகத்தைத் துடைத்தார். பிறகு, “மாப்ள, நாளைக்கு நீ எஞ்சின் பக்கம் உக்காந்து ஓட்டு” என்றார்.

“அது இருக்கட்டும். நீங்க ஆஸ்பத்திரியில இருந்த இருபத்திரண்டு நாளும் வராந்தாவுல படுத்துக் கெடந்தேனே... அதுக்கு ஒரு வார்த்த?”

“அதெல்லாம் மனசுக்குள்ள இருக்குல.”

“உள்ளுக்குள்ளயே ஓடுனா நான் எப்படி அத்தான் பாக்கிறது?”

அன்பானவர்களே... அந்தக் கேள்வி கிறகோரிக்கு மட்டுமா? வீட்டுக்கு வந்தும் என்னை விடவில்லை. அடுத்த மாதமே மழை. நெஞ்சளவு வெள்ளத்தில் நானும் என் மனைவியும் பரணில் உட்கார்ந்திருந்தோம். வந்தது எந்தப் படகு? அதே படகு. அதே எஞ்சின். பின்னால் உட்கார்ந்து ஓட்டியவன் தொம்மை. என் மனைவியைத் தூக்கி இறக்கியவர், தேறியும் தேறாத காலோடு, கிறகோரி.

கரையில் இறங்கினோம். நான் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை. கூச்சம். பிறகு சொல்லலாம், நல்ல வார்த்தை கிடைக்கட்டும் என்றிருந்தேன். ஒரு வருஷம் ஓடிவிட்டது. நன்றி இல்லாமல் இல்லை... தினமும் உள்ளே ஓடியது. வெளியே வரும் வழியில்தான் மண் அடைத்திருந்தது. நீங்கள் எத்தனை பேர் இப்படி வைத்திருக்கிறீர்கள்? வீட்டில் இருப்பவருக்கு அது தெரியும் என்றா நினைக்கிறீர்கள்? தெரியாது. அவர்கள் பார்ப்பது துளையைத்தான்.

நல்ல வார்த்தை இன்னும் கிடைக்கவில்லை. இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கிறகோரி... தொம்மை... கொஞ்சம் எழுந்து நில்லுங்கள்.

என் மனைவி உயிரோடு இருக்கிறாள். நன்றி.