அழித்ததற்கு ஒரு குறிப்பு

— காலாட்டாம உக்காருங்க. நீங்க இப்ப என் புருஷன் இல்ல. கவர்ன்மென்ட் ஸ்டாஃப். கவுன்டர் வேலைக்குப் புதுசா சேந்திருக்கீங்க.

— ஜூரோங் கப்பல் பட்டறையில இத்தன வருஷம் குப்பை கொட்டினது பத்தாதா? ஞாயித்துக்கிழமை மத்தியானம் கவர்ன்மென்ட் வேலை வேறயா? லீவு உண்டா, சாமு?

— சாமு கிடையாது. சாமுண்டீஸ்வரி மேடம். நாளைக்கு ரூம் நிறைய ஆளுங்க இப்படித்தான் என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ஃபைல் ரூம்ல பெட்டி அடுக்கிக்கிட்டு இருந்தவள, திடீர்னு நீயே டிரெய்னிங் குடுன்னுட்டாங்க. அதான் உங்கள வச்சு ஒரு தடவ பேசிப் பாத்துடறேன்.

— சரி சரி, மேடம். லேப்டாப்ல கலர் கலரா என்னமோ ஓடுதே, அதப் பாத்துச் சொல்ல வேண்டியதுதானே?

— பாத்துப் படிச்சா தூங்கிடுவாங்க. பேசணும். முதல் கேள்வி. ரெக்கார்டுன்னா என்ன, மிஸ்டர் சுந்தரேசன்?

— ஃபைல்.

— அங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. ஃபைல் மட்டும் இல்ல. ஒரு முடிவு எடுத்தோம்னா, ஆமா எடுத்தோம்னு சாட்சியா எது நிக்குதோ அது ரெக்கார்டு. ஈமெயில், போட்டோ, போன்ல கேட்டுக் கிறுக்கி வச்ச துண்டுச் சீட்டு, வாட்ஸ்ஆப் எல்லாமே.

— அப்ப எங்க ஃபோர்மேன் தினமும் குரூப்ல 'மக்கான் யாருக்கு என்ன வேணும்'னு போடறானே, அதையும் பூட்டி வைக்கணுமா?

— வேண்டாம். யாரு என்ன தின்னா சிங்கப்பூருக்கென்ன? ஆனா அதே குரூப்ல, 'அந்த கிரேன எடுக்காதீங்க, பிரேக் சரியில்ல'ன்னு போட்டா?

— அது ரெக்கார்டு.

— கரெக்ட்! பாத்தீங்களா, உங்களுக்கே புரியுதுன்னா நாளைக்கு வர்றவங்களுக்கு நல்லாவே புரியும்.

— அதென்ன லா, எனக்கே?

— கோவிச்சுக்காதீங்க. அடுத்த கேள்வி. எத எப்ப அழிக்கலாம்?

— அலமாரி நிறைஞ்சா அழிக்கலாம்.

— நாளைக்கு யாராவது இப்படிச் சொன்னாங்க, நான் அழுதுடுவேன். ஒவ்வொண்ணுக்கும் எத்தன நாள் வச்சிருக்கணும்னு குறிச்சிருக்கும். அந்த நாள் முடிஞ்சாலும் நம்ம இஷ்டத்துக்குக் கிழிச்சுப் போட முடியாது. ரெண்டு பேரு பாத்துக் கையெழுத்துப் போடணும்.

— ஏன் ரெண்டு பேரு? கையில வச்சிருக்கவனுக்குத் தெரியாதா எது வேணும், வேணாம்னு?

— கையில வச்சிருக்கவனுக்குத்தான் அழிக்கணும்னு ஆசை வரும். ஒருத்தனுக்குப் பயம், ஒருத்தனுக்குக் கோவம், ஒருத்தனுக்கு வெக்கம்.

— ம். இந்த ரூல எழுதினவன் விவரமான ஆளுதான். சரி, மேடம், ஒரு சந்தேகம். அவசரத்துல ஒருத்தன் அழிச்சுத் தொலைச்சுட்டான்னு வைங்க. அப்ப?

— நல்ல கேள்வி. உடனே ஒரு குறிப்பு எழுதி வைக்கணும். என்ன அழிஞ்சுது, யாரு அழிச்சாங்க, ஏன் அழிச்சாங்க.

— எழுதலன்னா? குடி முழுகிடுமா?

— முழுகிடும். அங்க என்னமோ இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். என்னன்னு மட்டும் தெரியாது. அவங்கவங்க எதுக்குப் பயப்படறாங்களோ, அதையே அந்த இடத்துல எழுதிக்குவாங்க.

— புரியல. எக்ஸாம்பிள் ஒண்ணு குடு. நாளைக்கு இப்படி ஒருத்தன் கேட்டா முழிக்கப் போற.

— எக்ஸாம்பிளா? இருங்க. ஒரு டிபார்ட்மென்ட் இருக்கு. அதுல ஒரு ஹெட். நல்ல மனுஷன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

— அப்படி ஒருத்தன் இல்லாத டிபார்ட்மென்ட் எங்க இருக்கு?

— அவருக்குக் கீழ ஒரு பொண்ணு. 'கொஞ்ச நாள் வேற இடத்துல தனியா இருந்து பாக்குறேன்'னு கேக்குறா. ஹெட்டு தாம் தூம்னு குதிக்கிறாரு. 'போனா அப்படியே போயிடு, திரும்பி வராதே'ன்னுட்டு வேலைக்குக் கிளம்பிடறாரு. அவளும் வீம்புக்காரி. சாயங்காலமே பெட்டியக் கட்டிட்டா.

— ம்.

— அந்த நேரம் பாத்து குரூப்ல ஹெட்டு என்னமோ எழுதறாரு. போட்ட கையோட அழிச்சிடறாரு. 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது'ன்னு மட்டும் நிக்குது. சொந்தக்காரங்க அத்தன பேரும் பாக்குறாங்க.

— டிபார்ட்மென்ட்ல ஏது சொந்தக்காரங்க?

— எக்ஸாம்பிள்தானே, கேளுங்க.

— சாமு. இது உன் ஸ்லைடுல இருக்கா?

— இல்ல.

— இல்லன்னா விடு. கிளாஸ் முடிஞ்சுது. கோப்பி போடு, போ.

— முடியலங்க. உக்காருங்க. பொண்டாட்டியா எத்தனையோ தடவ கேட்டுட்டேன். கத்துனீங்க, இல்லன்னா டிவி சவுண்ட ஏத்துனீங்க. இப்ப டிரெய்னராக் கேக்குறேன். அன்னைக்கு நம்ம ஃபேமிலி குரூப்ல என்ன எழுதி அழிச்சீங்க?

— இப்ப தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?

— நம்ம பொண்ணு இனியா தீபாவளி முடிஞ்சு வீட்ட விட்டுப் போனவ. பொங்கலுக்கு வரல, தைப்பூசத்துக்கு வரல, சித்திரை புத்தாண்டுக்கும் வரல. நான் ஃபேரர் பார்க்ல ஏதாவது கடையில உக்காந்து, அவ தோசையப் பிச்சுக்கிட்டு இருக்கறதப் பாத்துட்டு வரேன். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேக்குறா.

— என்ன கேக்குறா?

— 'அப்பா என்னம்மா எழுதினாரு?'ன்னு. எனக்குத் தெரியலடின்னா நம்ப மாட்டேங்கறா. 'என்னைத் தலை முழுகிட்டேன்னு எழுதியிருப்பாரு, நீ அதப் பாத்துட்டு மறைக்கிற'ன்னு அழுவுறா.

— தலை முழுகிட்டேன்னா? நானா? அப்படியா நெனச்சுக்கிட்டிருக்கா?

— வேற என்னத்த நெனப்பா? காலையில நீங்க பேசின பேச்சு அப்படி. சாயங்காலம் ஒண்ண எழுதி அழிக்கிறீங்க. நானே அப்படித்தாங்க நெனச்சேன். பெத்த பொண்ண என்னன்னு எழுதினாரோன்னு எத்தன நாளு தூக்கம் வராமப் புரண்டிருக்கேன், தெரியுமா?

— அடக் கடவுளே.

— சொல்லுங்க. கத்தணும்னா கத்திட்டுச் சொல்லுங்க.

— கத்தல. தண்ணி குடு. மளிகைக் கடைக்காரன் இருக்கான்ல, அவன்கிட்ட வேன் கேட்டிருந்தேன்.

— வேனா? எதுக்கு?

— எதுக்குன்னா? அவ பெட்டிய ஏத்தத்தான். அதத்தான் குரூப்ல எழுதினேன். 'டாக்ஸியில ஏத்தாதே. மளிகைக் கடை வேன எடுத்துட்டு வரேன். அங்க உன் மாடியில லிஃப்ட் நிக்காது, நீ தூக்காதே, நான் தூக்கறேன். கீழ நில்லு.' அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா?

— வேற என்ன எழுதுவேன் அவளுக்கு?

— ஒரு நிமிஷம் இருங்க. அங்க லிஃப்ட் நிக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் அவ ரூம எட்டிக்கூடப் பாக்கலியே?

— முந்தின நாள் கம்பெனி பஸ்ஸ விட்டு வழியிலேயே இறங்கி, அவ ப்ளாக்கப் போய்ப் பாத்துட்டு வந்தேன். பழைய ப்ளாக்கு. அவ மாடிக்குப் படியேறித்தான் போகணும். வெளிச்சம் இருக்கு, பக்கத்துல ஒரு மலாய்க் குடும்பம், பாத்தா நல்லவங்களா தெரிஞ்சுது.

— பாத்துட்டு வந்துமா மறுநாள் காலையில அந்தக் குதி குதிச்சீங்க?

— நல்ல இடமா இருந்ததுதான் கோவம். மோசமா இருந்திருந்தா, போகாதேன்னு சொல்ல ஒரு காரணம் கெடச்சிருக்கும்.

— சரி. அத ஏன் அழிச்சீங்க?

— மேல பாத்தேன். காலையில நடந்த சண்டையக் கேள்விப்பட்டு, எங்க சிதம்பரம் அண்ணன் அப்பத்தான் போட்டிருந்தாரு. 'சபாஷ் தம்பி, பொம்பளப் புள்ளைய இப்படித்தான் அடக்கணும்'னு. அவருக்குக் கீழ அண்ணி, மச்சான்னு வரிசையாக் கை தட்டியிருக்காங்க. அந்த வரிசையில போய், நான் பெட்டி தூக்க வரேன்னு என் மெசேஜ் நிக்குது. கூசிப் போச்சு, சாமு. மானம் போற மாதிரி இருந்துச்சு. சட்டுனு அழிச்சிட்டேன்.

— அவளுக்குத் தனியா ஒண்ணு போட்டிருக்கலாமேங்க.

— போடத்தான் போனேன். விரல் ஓடல. திரும்பி வராதேன்னு காலையில சொன்ன வாயி. எந்த மூஞ்சியோட போய் நிக்கறது?

— அப்ப வேன் எடுக்கவே இல்ல.

— எடுத்தேனே. நம்ம ப்ளாக் கார் பார்க்குக்கு வந்து, குப்பைத் தொட்டிப் பக்கமா நிறுத்திட்டு உக்காந்திருந்தேன்.

— ஓவர்டைம்னு சொன்னீங்க!

— ஓவர்டைமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ ஃப்ரெண்டுங்களோட டாக்ஸியில ஏத்திக்கிட்டிருந்தா. என்னமோ சொல்லிச் சிரிக்கிறாளுங்க. நாம இல்லாட்டி இவளுக்கு ஒரு குறையும் இல்லன்னு தோணுச்சு. டாக்ஸி கிளம்பற வரைக்கும் குனிஞ்சு உக்காந்திருந்துட்டு, வேன மளிகைக் கடையில விட்டுட்டு வந்துட்டேன்.

— அவ சிரிச்சது உங்களுக்குத் தெரிஞ்சுது. கிளம்பறதுக்கு முன்னாடி மேல வீட்டுக்கு வந்து சாமி ரூம் வாசல்ல நின்னு அழுதது தெரியல. ரெண்டு பேரும் ஒரே அச்சு. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்ன, முத்தா உதிர்ந்துடும்?

— அப்பப் புரியலடி. நீ அவள அடுத்த தடவ பாக்கறப்போ...

— நான் சொல்ல மாட்டேன்.

— இவ்வளவையும் கிளறிட்டு, சொல்ல மாட்டேன்னா எப்படி?

— நான் சொல்ல வேண்டிய அவசியம் இல்லங்க. கத்தாதீங்க, இப்பவே சொல்லிட்டேன். கிளாஸ் கடைசிக்கு வந்துட்டோம். இப்ப கேள்வி நேரம். ஆன்லைன்ல கேட்டுக்கிட்டு இருக்கறவங்க மைக்க ஆன் பண்ணிட்டுக் கேக்கலாம்.

— ஆன்லைனா? இந்த லேப்டாப்ல யாரு இருக்கா?

— நாளைக்கு சவுண்டு சரியா வருமான்னு பாக்க ஒருத்தரக் கூப்பிட்டு வச்சேன். பேச்சு இங்க வரும்னு சத்தியமா நான் நெனைக்கல. ஆனா வந்தப்புறம் கட் பண்ணவும் மனசு வரல.

— சாமு, நீ...

— ப்பா, அந்த வேன் இன்னும் கிடைக்குமா? பாதிப் பெட்டிய நான் பிரிக்கவே இல்லப்பா.