ஆளுக்கொரு பாகம்

ஜீவிதா: ...அப்ப உடையப்பன் தக்காளிக் கூடைக்குள்ள உக்காந்திருக்கான். மேல பூரா தக்காளி. கோட்டை வாசல்ல காவக்காரன் ஈட்டிய எடுத்து ஒவ்வொரு கூடையா குத்திப் பாக்குறான்... ஏ வினோ, கேக்குறியா இல்லையா?

வினோலியா: கேக்குறேன், கேக்குறேன். அந்தக் கூடைய விட்டுரேன்.

ஜீவிதா: எத?

வினோலியா: தக்காளிக் கூடைய. நாளைக்கு ஸ்கூல்ல சொல்றப்ப அது வேணாம்.

ஜீவிதா: போடி, அதுலதான கதையே இருக்கு! ஈட்டி எறங்குது, செவப்பா வழியுது, ரத்தம்னு நெனச்சு காவக்காரன் மயங்கி விழுறான். நேத்து சாயங்காலம் எங்கப்பாட்ட சொல்லிக் காட்டுனேன். பூப்பறிக்கிறத விட்டுட்டு வரப்புல உக்காந்து சிரிச்சாரு.

வினோலியா: உங்கப்பாட்டயும் சொல்லிட்டியா?

ஜீவிதா: சொல்லாம? ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. அந்தக் காலத்துல நம்ம பக்கம் ஏது பாப்பா தக்காளின்னு.

வினோலியா: ...நீ என்ன சொன்ன?

ஜீவிதா: புக்குல போட்டிருக்குப்பா, எழுதுனவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிருச்சுன்னேன்.

வினோலியா: ஐயோ.

ஜீவிதா: என்ன ஐயோ?

வினோலியா: ஒண்ணுமில்ல. கொசு.

ஜீவிதா: காலையில பத்து மணி வெயில்ல நாகல் நகர்ல மட்டும் கொசுவா? சரி, அடுத்தது. ஜெயில்ல இருந்து தப்பிச்சு வெளிய வாரான். அங்க செவலை நிக்குது. அவன் குதிரை! மூணு நாளா தண்ணி குடிக்காம மலைக்கோட்டை அடிவாரத்துலயே நிக்குது. அவன் விசிலடிக்கிறான்...

வினோலியா: ஜீவி, நாளைக்கு நீ முதல் பாகத்தையே சொல்லிரேன். நீ படிச்சது அதுதான?

ஜீவிதா: அதெப்படி? லீவு விட்ட அன்னைக்கே ஜோஸ்பின் டீச்சர் சொல்லிட்டாங்கல்ல. ஒரு சரித்திரக் கதை, ரெண்டு பாகம், ரெண்டு பேரு. ஆளுக்கொரு பாகம் படிச்சு இன்னொருத்திக்குச் சொல்லணும். அடுத்தவ புக்க தொறக்கவே கூடாது. லீவு கடைசி நாள் ஸ்கூலுக்கு வந்து நீ படிச்சத நான் சொல்லணும், நான் படிச்சத நீ சொல்லணும். ஏழாம் கிளாஸ் பூராவுக்கும் ஒரே ரூல்தான்.

வினோலியா: டீச்சர் ரெண்டு பாகமும் படிச்சிருப்பாங்களா?

ஜீவிதா: மூணு தடவையாம்.

வினோலியா: மூணு தடவையா!

ஜீவிதா: என்னடி இப்படி அலறுற?

வினோலியா: இல்ல... நாளைக்கு உனக்கு காய்ச்சல்னு சொல்லிரலாமா?

ஜீவிதா: யாருக்கு காய்ச்சல்? தொட்டுப் பாரு. எப்படி ஜில்லுன்னு இருக்கேன்!

வினோலியா: எனக்கு இருக்கு.

ஜீவிதா: உனக்குக் காய்ச்சல்னா நீ வராத. நான் வருவேன். எங்கப்பா வாராரு தெரியும்ல?

வினோலியா: ஸ்கூலுக்கா?

ஜீவிதா: ஆமா! மல்லிப்பூ சீசன்ல எங்கப்பா ஒரு நாள் கூட மார்க்கெட்ட விட்டதில்ல. நாளைக்கு லீவு. பூவ பக்கத்துத் தோட்டத்துக்காரர்ட்ட குடுத்து விடுறாரு. வெள்ளச் சட்டைய தேச்சு ஆணியில மாட்டியாச்சு. எங்க ஊரு தாடிக்கொம்புல டீக்கடை வரைக்கும் சொல்லி வச்சிருக்காரு, எம்மக பேசப் போறா, புக்க பாக்காமயே பேசுவான்னு.

வினோலியா: டீக்கடை வரைக்குமா...

ஜீவிதா: ஏ, என்ன? அழுறியா?

வினோலியா: இல்லடி...

ஜீவிதா: கண்ணுல தண்ணி வருது, இல்லங்கிற. ஆன்ட்டி திட்டுனாங்களா? புக்க கிழிச்சிட்டியா?

வினோலியா: ஜீவி, நீ என்கிட்ட பேசாம மட்டும் இருக்கக் கூடாது.

ஜீவிதா: சொல்லு மொதல்ல.

வினோலியா: சத்தியம் பண்ணு.

ஜீவிதா: பண்ணுறேன்டி. சொல்லு.

வினோலியா: உடையப்பன் செத்துட்டான்.

ஜீவிதா: ...என்ன?

வினோலியா: செத்துட்டான்.

ஜீவிதா: வெளையாடாத. கடைசியில கோட்டை மேல ஏறி கொடிய ஏத்துறான், செவலை மூக்க அவன் தோள்ல வச்சு தேய்க்குதுன்னு நீதான சொன்ன. முந்தாநாளு!

வினோலியா: அது நானா சொன்னது. புக்குல மூணாவது அத்தியாயத்துலயே ஓலை கொண்டு போறப்ப சுட்டுர்றாங்க. நாப்பத்தி ஒண்ணாம் பக்கம்.

ஜீவிதா: ஐயோ, உடையப்பன் செத்துட்டானா!

ஆனந்தமேரி: ஏய், என்னங்கடி சத்தம்? யாரு செத்தது?

ஜீவிதா: உடையப்பன் ஆன்ட்டி!

ஆனந்தமேரி: மாதாவே! மாவு மில் உடையப்பனா? காலையில கூட கோதுமை அரைச்சிட்டு வந்தேனே!

வினோலியா: அம்மா, அவரு இல்லம்மா. கதையில வர்றவன்.

ஆனந்தமேரி: கதையிலயா? கொஞ்ச நேரத்துல என் உசிரு போயிருக்கும். அவரு வீட்டம்மாவுக்கு போன் போடப் போனேன். மோரு கலக்கி வச்சிருக்கேன், வந்து எடுத்துக்கங்க. வெயிலு மண்டையில ஏறிப் போச்சுடி ரெண்டு பேருக்கும்.

ஜீவிதா: நாப்பத்தி ஒண்ணாம் பக்கமா? புக்கு மொத்தம் எம்புட்டுப் பக்கம்?

வினோலியா: முன்னூத்தி இருவது.

ஜீவிதா: மிச்சம் அம்புட்டும் அவன் இல்லாமயா?

வினோலியா: ராஜாவும் மந்திரியும் பேசிக்கிட்டே இருக்காங்க. நடுவுல அவன் தங்கச்சி வர்றா, அவ நல்லவதான். அவதான் கடைசியில கொடிய ஏத்துறா. நானும் உக்காந்து எல்லாத்தையும் படிச்சேன்டி, எங்கயாச்சும் அவன் பொழச்சு வந்துருவானான்னு. வரல.

ஜீவிதா: அப்ப இந்தப் பன்னெண்டு நாளு?

வினோலியா: தெனம் காலையில உங்கப்பா உன்ன இங்க எறக்கி விட்டுட்டு பூ மார்க்கெட்டுக்குப் போவாருல்ல. நீ வர்றதுக்குள்ள ஒண்ணு யோசிச்சு வச்சிருவேன். தக்காளி அன்னைக்கு ஒண்ணுமே தோணல. அம்மா சட்னிக்குத் தக்காளி நறுக்கிட்டு இருந்தாங்க...

ஜீவிதா: அடிப்பாவி! அந்த ஒத்தக் கண்ணு சமையக்காரி?

வினோலியா: நான்தான்.

ஜீவிதா: பாளையக்காரரு பரோட்டாவ பிச்சுப் போட்டு சால்னா ஊத்துனது?

வினோலியா: அன்னைக்கு எனக்குப் பசி.

ஜீவிதா: சிரிக்காதடி! நான் கோவமா இருக்கேன்.

வினோலியா: நீதான் சிரிக்கிற.

ஜீவிதா: நான் எங்க... ஐயோ, வயிறு வலிக்குது. சால்னாவ டீச்சர் முன்னாடி சொல்லியிருப்பேன்டி நானு!

வினோலியா: அதான் ராத்திரி பூரா தூங்கல.

ஜீவிதா: ஏன்டி இப்படிப் பண்ணுன? செத்துட்டான்னு அன்னைக்கே சொல்லியிருந்தா செத்த நேரம் அழுதுட்டுப் போயிருப்பேன்ல.

வினோலியா: செத்த நேரமா? நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? உடையப்பன் மாதிரி ஒரு அண்ணன் எனக்கு இருந்தா போதும்னு சொன்ன. கணக்கு நோட்டு அட்டையில அவன் படம் வரைஞ்சு வச்சிருக்க. அவனுக்கு மீசை ஏன் கோணலா இருக்குன்னு கேட்டதுக்கு என்னோட ரெண்டு நாளு பேசல. அவன் போயிட்டான்னு நான் எந்த வாயால சொல்ல?

ஜீவிதா: அவன் மீசை ஒண்ணும் கோணல் இல்ல.

வினோலியா: மொத நாளு மட்டும் தப்பிக்க வச்சிரலாம், மறுநாள் சொல்லிரலாம்னு நெனச்சேன். நீ மறுநாள் வந்ததும், அப்புறம் என்ன ஆச்சுன்னு கண்ண விரிச்சுக்கிட்டு உக்காந்த. எப்படி கொல்றது?

ஜீவிதா: லூசு.

வினோலியா: புக்கு இந்தா. இன்னைக்குப் பூரா படி, சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவ.

ஜீவிதா: அவன் சாகுறத நான் படிக்க மாட்டேன். அதுவும் தொறக்கக் கூடாதுன்னு ரூலு.

வினோலியா: அப்ப நாளைக்கு நீ பேசுறதுக்கு முன்னாடி நான் எந்திரிச்சு சொல்லிடுறேன். கதைய மாத்துனது நானு, ஜீவிதா மேல ஒரு தப்பும் இல்லன்னு. உங்கப்பா வெள்ளச் சட்டை போட்டுட்டு வந்து உக்காந்திருக்கப்ப உனக்குக் கேவலம் ஆகக் கூடாது.

ஜீவிதா: எல்லாரு முன்னாடியுமா?

வினோலியா: ஆமா.

ஜீவிதா: உங்கம்மா பின்னிப்புடுவாங்க.

வினோலியா: பின்னட்டும்.

ஜீவிதா: ...வினோ, ஒண்ணு கேக்கவா? ரெண்டாம் பாகத்துல, நெசமான ரெண்டாம் பாகத்துல, செவலை எங்க இருக்கு?

வினோலியா: அத ஏன் கேக்குற! முன்னூத்தி இருவது பக்கத்துல ஒரு எடத்துல கூட வரல. உடையப்பன் ஓலை கொண்டு போறது கூட ஏதோ ஒரு வெள்ளக் குதிரையில. அம்புட்டு நல்ல குதிரைய, ஆத்து வெள்ளத்துல குதிச்சு அவன இழுத்துட்டு வந்த குதிரைய, எழுதுனவரு அப்படியே மறந்துட்டாருடி. எனக்குப் பாவமா போச்சு. அதான் நானே கொண்டு வந்து அடிவாரத்துல நிப்பாட்டுனேன்.

ஜீவிதா: ம்...

வினோலியா: நாளைக்கு நான் முதல் பாகத்த அந்த ஆத்துலதான் ஆரம்பிக்கப் போறேன். நீ சொன்னப்ப எனக்கு புல்லரிச்சுப் போச்சு தெரியுமா?

ஜீவிதா: தெரியும்.

வினோலியா: ஆரன் சத்தம் கேக்குது. உங்கப்பா வந்துட்டாரு போல.

ஜீவிதா: நிக்கட்டும். வினோ, நாளைக்கு ரெண்டு பேருமே எந்திரிப்போம்.

வினோலியா: நீ எதுக்கு? நீதான் ஒரு தப்பும் பண்ணலையே.

ஜீவிதா: ரெண்டு பேருமே எந்திரிச்சு, டீச்சர், இது நாங்க சொன்ன கதை, புக்குல வேற மாதிரி இருக்கும், ஆனா எங்களுது கேளுங்கன்னு சொல்லுவோம். எங்கப்பா புக்கு கேக்க வரல. என்னைக் கேக்கத்தான் வாராரு.

வினோலியா: என்னை மட்டும் சொல்ல விடுறதுக்கு என்ன? பாசம் பொங்குதா?

ஜீவிதா: பாசமெல்லாம் இல்ல...

வினோலியா: பின்ன? ஏன்டி மொகத்த அப்படி வச்சிருக்க? ஜீவி?

ஜீவிதா: ஆத்து வெள்ளத்துல இருந்து உடையப்பன் தானா நீந்தித்தான் வந்தான்டி. செவலை முதல் பாகத்துல ரெண்டாவது அத்தியாயத்துலயே செத்துருச்சு. அத சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன்... நீ உங்க ரோஸிய கொல்லையில பொதச்சிட்டு, கையில ஒட்டுன மண்ணைக் கூட கழுவாம வந்து உக்காந்த. நாய் செத்துப் போச்சுன்னு சொல்லிட்டு, குதிரைக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேட்ட. நல்லாத்தான்டி ஓடுதுன்னு சொல்லிட்டேன்.